காட்சியும் சான்றும்: வரலாற்று வகுப்பறையில் மெய்நிகர்க் கருவி – வெம்பக்கோட்டை அகழாய்வை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வரலாறு கற்பித்தலில் மெய்நிகர்த் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது குறித்த விவாதம் பெரும்பாலும் செலவு, ஆர்வம், அணுக்கம் என்னும் மூன்றைச் சுற்றியே நிகழ்கிறது. காட்சிக்கும் சான்றுக்கும் இடையிலான தொலைவை மெய்நிகர் மீட்டுருவாக்கம் எவ்வாறு மறைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை அகழாய்வும், அதனைச் சூழ்ந்துள்ள சிவகாசிப் பட்டாசுத் தொழில் வட்டாரத்தின் அண்மைக்கால வரலாறும் இதற்கு ஆய்வுக்களமாகக் கொள்ளப்படுகின்றன. அழிந்த நகரத்தைக் கட்டிக் காட்டுவதைவிட மூடப்பட்ட அகழாய்வுக் குழியைத் திறந்து காட்டுவதே இக்கருவிக்கு உரிய பணி என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் உண்மை, வரலாறு கற்பித்தல், வெம்பக்கோட்டை, கீழடி, மீட்டுருவாக்கம், சிவகாசி

முன்னுரை

தமிழ்நாட்டின் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலின் வரலாற்றுப் பகுதி, 'வரலாறு என்றால் என்ன?' என்னும் பாடத்துடன் தொடங்குகிறது. சான்றுகளிலிருந்து கடந்த காலத்தை அறிவதே வரலாறு என்ற கருத்து பதினொரு வயது மாணவருக்கு அங்கே முதன்முதலாக அறிமுகமாகிறது. அதே பருவத்தில் 'தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள்' என்ற பாடமும் வருகிறது. 2018–19 கல்வியாண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த இப்பாடநூல்களில் விரைவுக் குறியீடுகளும் 'இணையச் செயல்பாடு' கட்டங்களும் இடம்பெற்றுள்ளன. அச்சிட்ட பக்கத்திலிருந்து திரைக்குச் செல்லும் வழி இவ்வாறு முன்னமே திறக்கப்பட்டுவிட்டது. திரையிலிருந்து தலையில் அணியும் கண்ணாடிக்குச் செல்வது அடுத்த படியாகவே பலருக்கும் தோன்றுகிறது.

இந்த அடுத்த படியை எதிர்ப்பது கட்டுரையின் நோக்கமன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் எவ்வளவு உயரம் என்பதை மீட்டர்க் கணக்கில் எழுதி மனப்பாடம் செய்யும் மாணவருக்கு, அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் உணர்வை ஒரு கருவி தரும் எனில் அது நன்றே. நின்றுகொண்டிருக்கும் கட்டடத்திற்கு இது பொருந்தும். நில்லாத கட்டடத்தைக் காட்ட முற்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கருவி பற்றி

நடைமுறைச் செய்திகள் இரண்டைச் சொல்லிவிட்டுக் கடக்கலாம். கூகுள் நிறுவனம் 2014இல் அட்டைப்பெட்டிக் கண்ணாடியையும் 2015இல் பள்ளிகளுக்கான 'எக்ஸ்பெடிஷன்ஸ்' திட்டத்தையும் அறிமுகப்படுத்தியது. வகுப்பு முழுவதையும் ஆசிரியர் ஒரு தொல்லிடத்திற்கு 'அழைத்துச் செல்லும்' இச்செயலி உலகெங்கும் புகழ்பெற்றது. 2021 ஜூனில் அது நிறுத்தப்பட்டது. அதனை நம்பிப் பாடத்திட்டம் வகுத்த ஆசிரியர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. கரும்பலகைக்கு இந்த இடர் இல்லை. அடுத்து, மெட்டா நிறுவனத்தின் தலைக்கண்ணாடிகளுக்குரிய குறைந்தபட்ச வயது 13 என இருந்து, 2023இல் பெற்றோர் மேற்பார்வையுடன் 10 எனக் குறைக்கப்பட்டது. ஆறாம் வகுப்பு மாணவர் இந்த வரம்பின் விளிம்பில் நிற்கிறார்.

கற்றல் ஆய்வுகள் தரும் முடிவுகள் கூர்ந்து நோக்கத்தக்கன. பரோங், மேயர் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மனித உடலின் குருதியோட்டம் பற்றிய பாடத்தை மெய்நிகரில் கற்றோர் மிகுந்த ஆர்வம் தெரிவித்தனர். ஆனால் அதே பாடத்தைக் கணினிப் படவில்லைகளில் கற்றோரே தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். 2019இல் மக்ரான்ஸ்கி குழுவினரின் ஆய்வும், 'அங்கேயே இருக்கும் உணர்வு' கூடிய இடத்தில் கற்றல் குறைந்ததைப் பதிவு செய்தது. இவை அறிவியல் பாடங்கள். வரலாற்றுக்கு அப்படியே பொருத்துதல் முறையாகாது. ஆயினும் ஆர்வத்தைக் கற்றலின் அளவுகோலாகக் கொள்ளும் வழக்கமான வாதத்தை இவை ஐயத்துக்கு உள்ளாக்குகின்றன.

வரலாற்று ஆசிரியர் மேலும் கவலையுடன் படிக்க வேண்டியது, செகோவியா, பைலன்சன் ஆகிய இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு. தமக்கு நேராத ஒரு நிகழ்வை மெய்நிகரில் கண்ட தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகள், அதனைச் சில நாள்களுக்குப்பின் தம் சொந்த நினைவாகவே கூறும் போக்கு மிகுந்திருந்தது. கண்ணாடி ஏதுமின்றி அந்நிகழ்வைக் கற்பனை செய்யுமாறு பணிக்கப்பட்ட குழந்தைகளிடமும் இப்போக்குக் காணப்பட்டது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். அவ்வாறாயின் கதை சொல்லும் ஆசிரியரும் இதே குற்றத்திற்கு உள்ளாவாரா?

காட்சிக்கு 'ஆம்' இல்லை

இவ்வினாவுக்கு விடை தமிழ் மொழியமைப்பிலேயே உள்ளது. 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்' என்று பாட்டி கதை தொடங்குவதில்லை; 'இருந்தாராம்' என்றே தொடங்குகிறாள். 'நான் கண்டதன்று, கேட்டது' என்பதை அந்த ஒற்றை 'ஆம்' தெரிவித்துவிடுகிறது. இலக்கண நூலார் 'என்ப' என்று முன்னோர் கூற்றைச் சுட்டினர். உரையாசிரியர் 'போலும்' என்று தம் ஊகத்தை ஊகமாகவே நிறுத்தினர். ஆய்வாளர் இன்று 'எனலாம்', 'எனக் கருத இடமுண்டு' என்று எழுதுகின்றனர். (இவற்றை மிகையாகப் பயன்படுத்துவதும் நம் ஆய்வுலகில் ஒரு நோய்தான், அது வேறு செய்தி.) சொல்லப்படும் செய்தியின் உறுதிநிலையைச் சொல்லோடு சேர்த்தே கைமாற்றும் வழிகள் இவை.

மெய்நிகர்க் காட்சிக்கு இத்தகைய விகுதி இல்லை. அகழாய்வில் கிடைத்த செங்கல் தளமும், அதன்மேல் ஓவியர் எழுப்பிய ஓட்டுக்கூரையும், கூரைக்குக் கீழ் நிற்கும் பெண்ணின் சேலை நிறமும் ஒரே தெளிவுடன், ஒரே ஒளியில், ஒரே உறுதியுடன் மாணவரின் கண்முன் நிற்கின்றன. முதலாவது சான்று, இரண்டாவது ஊகம், மூன்றாவது வெறும் விருப்பம். இம்மூன்றையும் பிரித்தறியும் வழி காட்சிக்குள் வைக்கப்படுவதில்லை. சாம் வைன்பர்க் வரலாற்றுச் சிந்தனையை 'இயல்பல்லாத' செயல் என்று 2001இல் வந்த தம் நூலில் வாதிட்டார். ஆவணத்தைப் படிக்குமுன் அதனை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று கேட்பது மனித மனத்திற்குத் தானாக வருவதன்று, பயிற்றப்பட வேண்டியது. தலைக்கண்ணாடியை அணிந்தவர் தாம் நிற்கும் தெருவை நோக்கி 'உன்னை வரைந்தவர் யார்?' என்று கேட்பது அதனினும் அரிது. கேள்வி எழாதவாறு ஆழ்த்துவதே அக்கருவியின் வெற்றியாகக் கருதப்படுகிறது.

தொல்பொருள் காட்சிப்படுத்தல் துறை இதனை அறியாததன்று. 2006இல் முதன்முதலாக வரையப்பட்டு 2009இல் திருத்தப்பட்ட லண்டன் சாசனமும், தொல்லியலுக்கென அதனை விரித்த 2011ஆம் ஆண்டின் செவில் கோட்பாடுகளும், கணினி மீட்டுருவாக்கம் ஒவ்வொன்றும் தன் சான்றையும் ஊகத்தையும் அவற்றுக்கிடையே எடுக்கப்பட்ட தீர்மானங்களையும் வெளிப்படையாகப் பதிவு செய்ய வேண்டும் என வலியுறுத்துகின்றன. இப்பதிவுக்கு அத்துறையினர் 'பாராடேட்டா' எனப் பெயரிட்டுள்ளனர். ஊகப் பகுதிகளைச் சாம்பல் நிறத்திலோ வெறும் கோடுகளாகவோ காட்டும் முறையும் அங்கு உண்டு. காட்சிக்கு ஓர் 'ஆம்' சேர்க்கும் முயற்சி என இதனைக் கொள்ளலாம். ஆனால் பள்ளிகளுக்கும் பார்வையாளர்களுக்கும் எனத் தயாரிக்கப்படும் காட்சிகளில் முதலில் கைவிடப்படுவது இதுவே. சாம்பல் நிறக் கூரை அழகாக இருப்பதில்லை.

முகங்களின் நிறம்

இச்சிக்கல் தமிழகத்தில் எத்துணைக் கூர்மையானது என்பதற்குக் கீழடியின் அண்மை நிகழ்வு ஒன்று போதும். கீழடியை ஒட்டிய கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த மண்டையோடுகளில் இரண்டைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வகம் இரு ஆடவர் முகங்களை மீட்டுருவாக்கம் செய்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதில் இணைந்து பணியாற்றினர். 2025இல் அம்முகங்கள் வெளியிடப்பட்டபோது தமிழ்நாளிதழ்கள் பெருமிதத்துடன் அவற்றை அச்சிட்டன.

முகத்தின் வடிவம் எலும்பின் அமைப்பிலிருந்தும் தசையின் கன அளவுகளிலிருந்தும் பெறப்படுகிறது. அதற்கு முறையியல் உண்டு. தோலின் நிறமும் கண்ணின் நிறமும் முடியின் நிறமும் எலும்பில் எழுதப்பட்டிருக்கவில்லை. அவை இன்று இந்நிலத்தில் வாழும் மக்களின் தோற்றத்தைத் துணைகொண்டு இடப்பட்டன. இத்துறையில் இது ஏற்கப்பட்ட நடைமுறை. ஆய்வகத்தைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை. ஆனால் அம்முகத்தைக் கண்ட வாசகர் 'நம்மைப் போலவே இருக்கிறார்' என்று வியக்கும்போது ஒரு வட்டம் முழுமை பெறுகிறது: நம் நிறத்தை அவருக்குப் பூசினோம், பிறகு அந்நிறத்தையே தொடர்ச்சிக்குச் சான்றாகக் கண்டோம். கொந்தகை மனிதர் நம்மைப் போல் இருந்திருக்கலாம், பெரும்பாலும் இருந்திருப்பார். அதற்குரிய சான்று வேறிடத்திலிருந்து வர வேண்டும்.

கீழடியின் காலத்தைப் பற்றி மாநிலத் தொல்லியல் துறைக்கும் இந்தியத் தொல்லியல் துறைக்கும் இடையே எழுந்துள்ள பூசலின் பின்னணியில் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். மாநிலத் துறையின் 2019ஆம் ஆண்டு அறிக்கை, கரிமக் காலக்கணிப்பின் வழி கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சுட்டியது. முன்னதாக அகழாய்வு நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் அளித்த அறிக்கையை 2025இல் திருத்தித் தருமாறு இந்தியத் தொல்லியல் துறை கேட்க, அவர் தம் முடிவில் உறுதியாக நின்றார். இத்தகைய விவாதத்தில் தமிழ்த் தரப்பின் வலிமை மண்ணடுக்கிலும் காலக்கணிப்பு ஆவணத்திலும் உள்ளது. பளபளக்கும் காட்சியில் இல்லை. சான்றைப் படிக்கத் தெரியாமல் காட்சியை மட்டும் கண்டு வளரும் தலைமுறை, எதிர்த்தரப்பு இதைவிட அழகிய காட்சி ஒன்றைத் தயாரித்து வரும்போது என்ன சொல்லும்?

மேட்டுக்காட்டின் குழி

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் கரையில் 'மேட்டுக்காடு' என்று வழங்கும் தொல்லியல் மேடு சுமார் 25 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ளது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் இங்கு முதற்கட்ட அகழாய்வைத் தொடங்கியது. 2023இல் இரண்டாம் கட்டமும் 2024 ஜூனில் மூன்றாம் கட்டமும் தொடர்ந்தன. முதலிரு கட்டங்களில் மட்டும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொல்பொருள்கள் வெளிப்பட்டன. நுண்கற்கருவிகள், சுடுமண் உருவங்கள், ஆட்டக்காய்கள், தக்களிகள், கண்ணாடி மணிகள், பொன்னணிகள் என அவை பலதிறத்தன. மூன்றாம் கட்டத்தில் திமிலுடைய காளை பொறித்த சூதுபவளக் கல் கிடைத்தது. எண்ணிக்கையாலும் பொருண்மையாலும் கருதத்தக்கவை சங்கு வளையல்கள். முழுமையடைந்தவையும் அறுபட்ட நிலையில் நின்றுபோனவையும் சேர்ந்து கிடைத்திருப்பதால் இது வளையல் அணிந்தோரின் ஊர் மட்டுமன்று, செய்தோரின் ஊரும் ஆகும் என்று கொள்கிறோம்.

இம்முடிவை எட்டுவதற்கு உதவியது அணிகலன் அன்று, கழிவு. முடிந்த வளையல் எங்கிருந்தும் வந்திருக்கலாம். அறுத்தெறிந்த சங்கின் மிச்சம் அறுத்த இடத்திலேயே கிடக்கும். அகநானூற்றின் 24ஆம் பாடலில் ஆவூர் மூலங்கிழார், வளையலுக்கு அறுத்து எடுத்தபின் எஞ்சும் சங்கின் நுனியை மலரின் அரும்புக்கு உவமையாக்குகிறார். வளையலைப் பாடிய புலவர் பலர். அறுத்து எஞ்சியதைக் கண்டவர் இவர். தொல்லியலாளர் குழியில் தேடுவதும் அதனையே. பாடலையும் குழியையும் ஒருசேர வைத்து நடத்தும் வகுப்பு தமிழ்த்துறைக்கும் வரலாற்றுத் துறைக்கும் பொதுவாகும்.

இனி இதனை மெய்நிகரில் காட்ட முற்படும் நிறுவனம் எதைக் காட்டும்? பெரும்பாலும் ஒரு தெரு, இருபுறமும் கடைகள், வளையல் அடுக்கிய பலகை, சிரித்த முகத்துடன் கைவினைஞர். மாணவர் அங்குமிங்கும் திரும்பிப் பார்த்து மகிழ்வார். கழிவு அங்கு இராது. தெருக்கள் எப்போதும் கூட்டிப் பெருக்கப்பட்டிருக்கும். சான்றாக நின்ற பொருளே காட்சியிலிருந்து நீங்கிவிடும்.

மாறாக, குழியைக் காட்டலாம். அகழ்தல் ஒருமுறைதான் நிகழும். மேலடுக்கை நீக்காமல் கீழடுக்கைக் காண இயலாது, நீக்கிய அடுக்கை மீண்டும் வைக்கவும் இயலாது. பருவம் முடிந்ததும் பாதுகாப்பு கருதிக் குழிகள் பெரும்பாலும் மூடப்படுகின்றன. அகழாய்வு நடைபெறும் மாதங்களில் வந்து பார்த்தோரைத் தவிர மற்றவர்க்கு அக்குழிச்சுவர் என்றைக்கும் எட்டாதது. பல கோணங்களில் எடுத்த ஒளிப்படங்களை இணைத்து முப்பரிமாண வடிவம் அமைக்கும் முறை இன்று அகழாய்வுப் பதிவில் பரவலாகிவிட்டது. நாள்தோறும் அவ்வாறு பதிவு செய்தால், மூடிய குழியை அடுக்கடுக்காகத் திறந்து காட்டும் ஆற்றல் மெய்நிகர்க் கருவிக்கு மட்டுமே உண்டு. பாடநூற்படமும் அருங்காட்சியகப் பேழையும் இதனைச் செய்யவொண்ணா. ஓவியர் எழுப்பும் நகரத்தைவிட இதற்குச் செலவு குறைவு, ஊகமும் குறைவு.

நாற்பது மாணவருக்கு ஒரு கண்ணாடி என்ற நிலையும் இங்கு இடையூறாகாது. ஒருவர் குழிக்குள் நின்று தாம் காண்பதைச் சொல்ல, மற்றவர் குழிச்சுவரின் அடுக்குகளைத் தாளில் வரையலாம். அடுத்தவர் அணிந்து, வரைந்தது சரியா என்று பார்க்கலாம். இருவர் சொன்னதும் ஒவ்வாத இடத்தில் வகுப்பு தொடங்கும். சான்றுரைத்தல், ஒப்பிடுதல், மறுத்தல் ஆகிய மூன்றும் அங்கு நிகழ்கின்றன. சிவகாசி வட்டாரப் பள்ளிகளுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு: மறுநாள் பேருந்தேறி மேட்டுக்காட்டுக்கே சென்று, கண்ணாடி காட்டாத வெயிலையும் வைப்பாற்றின் வறண்ட மணலையும் கண்டு வரலாம். அந்த ஆறு மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. சங்கு எந்த வழியில் வந்திருக்கும் என்ற கேள்விக்கு ஆற்றின் போக்கே முதற்குறிப்பு.

இவ்வட்டார மாணவர் கேட்கக்கூடிய வேறு கேள்விகளும் உள்ளன. குழாய் சுற்றுதல், திரி வெட்டுதல், பெட்டி ஒட்டுதல் என்று எண்ணிக்கைக்குக் கூலி பெறும் வேலையை வீட்டிலேயே கண்டு வளர்ந்தவர்கள் இங்குப் பலர். பாதி அறுபட்டு உடைந்த சங்கைக் கண்டதும் 'உடைந்ததற்குக் கூலி உண்டா?' என்று அவர் கேட்கக்கூடும். 'ஒரு நாளைக்கு எத்தனை அறுப்பார்கள், அந்தத் தூசி என்ன ஆகும்?' என்றும் கேட்கலாம். தொல்லியல் அறிக்கையில் இவற்றுக்கு விடை இல்லை. ஆனால் பொருளியல் வரலாற்றின் தரமான கேள்விகள் இவை. சிரித்த முகத்துக் கைவினைஞரைக் காட்டும் காட்சி, கேட்கப்படுவதற்கு முன்பே இக்கேள்விகளுக்குப் பொய்யான விடை ஒன்றைத் தந்துவிடுகிறது.

கட்டிக் காட்டக் கூடாதவை

வெம்பக்கோட்டை வட்டம் பட்டாசு ஆலைகள் செறிந்த பகுதி. ஆகவே அண்மைக்கால வரலாற்றையும் இதே அளவுகோலால் நோக்குதல் தகும். 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரத்தை எடுத்துக்கொள்வோம். நாடார் சமூகத்தினரின் கோயில் நுழைவு உரிமையை ஒட்டி எழுந்த பகைமையின் உச்சம் அது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நூல் முதலாக ஆய்வுலகம் அதனை எழுதி வருகிறது. ஊர்களில் வேறு வேறு நினைவுகள் வழங்குகின்றன. அதனை மெய்நிகர்க் காட்சியாக்க முனைவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது பார்ப்பவர் எங்கு நிற்கிறார் என்பது: வீட்டுக்கு உள்ளேயா, வெளியே வந்த கூட்டத்திலா? எழுத்து இவ்விரு இடங்களுக்கும் மாறிமாறிச் செல்லும். கண்ணாடி ஓரிடத்தில் நிறுத்திவிடும். அது நடுநிலையான இடமாக இருக்க வழியில்லை.

இதனினும் கடுமையானது வெடிவிபத்துகளின் வரலாறு. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய கதை இவ்வட்டாரத்தில் பெரிதும் போற்றப்படுவது. அது எளிதில் காட்சியாகும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட விபத்தும் இவ்வட்டார வரலாறுதான். தொழில்நுட்ப அளவில் அதனையும் மெய்நிகரில் கட்டிவிடலாம். பாதுகாப்புப் பயிற்சி என்ற பெயரில் அதற்கு ஆதரவும் கிடைக்கலாம். உறவினரை அத்தகைய விபத்தில் இழந்த மாணவர் அமர்ந்திருக்கக்கூடிய வகுப்பில் அக்காட்சியை ஓட்ட எந்த ஆசிரியருக்கும் உரிமையில்லை என்பது முதல் மறுப்பு. அதற்குமேல் வரலாற்று நோக்கிலான மறுப்பும் ஒன்றுண்டு. நாளிதழ்ச் செய்திகள் ஒவ்வொரு விபத்தையும் 'மருந்து உராய்வு காரணமாக' என்று முடிக்கின்றன. காட்சி அந்த உராய்வு நொடியைத்தான் பெரிதாக்கிக் காட்டும். உள்குத்தகை, அனுமதிக்கு மிஞ்சிய ஆள் எண்ணிக்கை, எண்ணிக்கைக் கூலி தரும் அவசரம், தீபாவளிக்கு முந்தைய மாதங்களின் நெருக்கடி ஆகியவற்றுக்கு வெளிச்சமும் ஓசையும் இல்லை. இவற்றை ஆவணங்களில்தான் காண முடியும்.

அந்த ஆவணங்கள் இருக்கின்றன. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களின் குழந்தைத் தொழிலாளர் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று வழங்கிய தீர்ப்பு, குழந்தை ஒன்றுக்கு ரூ.20,000 வீதம் வேலையளித்தோர் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. அத்தொகை எவ்வாறு கணக்கிடப்பட்டிருக்கும், யார் செலுத்தினர், குழந்தையை அனுப்பிய குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று ஒரு பத்தாம் வகுப்பு மாணவர் கேட்டுப் படிக்க அத்தீர்ப்பின் தமிழாக்கப் பகுதி போதும். 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடக்கக் காலத்திலேயே சிவகாசிக்கு வந்தது. அதன் சிறப்புப் பள்ளிகளில் படித்தோர் இன்று இம்மாணவர்களின் பெற்றோர் வயதினர். அவர்களுள் பேச விரும்புவோரை வகுப்புக்கு அழைக்கலாம், விரும்பாதோரை விட்டுவிடலாம். பேசுவோர் தாம் கண்டதைக் 'கண்டேன்' என்பர், கேட்டதை 'ஆம்' சேர்த்துச் சொல்வர். மாணவர் அவ்வேறுபாட்டைக் குறிப்பேட்டில் தனித்தனிப் பத்தியாக எழுதிக்கொள்ள வேண்டும். அன்றைய பாடத்திற்கு மின்னிணைப்புத் தேவைப்படாது.